நள்ளிரவில் நனைந்து விழிப்பவர்களுக்கு: ஏ.சி. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

போன ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை, வாரத்தில் மூன்று நான்கு இரவுகள், மூன்று மணிவாக்கில் நனைந்த பனியனோடு எழுந்து உட்கார்ந்திருந்தேன். லேசான ஈரமில்லை, கழற்றிப் பிழிந்தால் சொட்டும். தலையணை உறையில் தலை வைத்த இடம் வட்டமாகப் பதிந்திருக்கும். திருச்சியில் மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வாடகை வீடு எங்களுடையது. விஷயத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் வீட்டைக் குறை சொன்னார்கள். அத்தை மட்டும், "வீட்டுச் சூடு இல்லையப்பா, உடம்புச் சூடு. சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி" என்றார். இரண்டு பேச்சையும் நம்பினேன். ஏ.சி.க்கு மாட்டுக்கூலியோடு 39,300 ரூபாய், விளம்பரத்தில் பார்த்த 'முழு உடல் பரிசோதனை'க்கு 2,499 ரூபாய், நல்லெண்ணெய்க் கணக்கு தனி. கடைசியில் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது, இரத்தச் சர்க்கரை பார்க்கும், 20 ரூபாய்கூடப் பெறாத ஒரு ஸ்ட்ரிப்.

எனக்கு ஆறு மாதம் இழுத்ததை நீங்கள் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது. நான் மருத்துவன் இல்லை, ஓ.பி. வரிசையில் நின்றவன். ஆகவே மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த முடிவுக்கு உங்கள் மருத்துவரை விரைவாகக் கொண்டுவருவது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன்.

1. இன்றே கிளம்ப வேண்டிய வியர்வை

திடீரென்று உடம்பு சில்லிட்டு வியர்க்கிறது, கூடவே நெஞ்சில் அழுத்தம், அல்லது தோள், இடது கை, தாடை என்று பரவும் வலி, மூச்சுத் திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று ஓமத்தை மென்றுகொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி பெரிதாகத் தெரியாமலேயே மாரடைப்பு வரலாம்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் நனைந்து கிடக்கிறார், எழுப்பினால் சரியாகப் பதில் இல்லை, குழறுகிறார் என்றால் அதுவும் 108-தான். நினைவு தப்பியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

இன்னொரு வகையில் இவ்வளவு அவசரம் இல்லை. ஆனால் அந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையானால் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, சளியில் இரத்தம், கழுத்திலோ அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ நெறிக்கட்டி: இவற்றில் ஒன்று இரவு வியர்வையோடு சேர்ந்து இருந்தாலும், கீழே சொல்லும் நோட்டு எழுதும் வேலைக்காகக் காத்திருக்காதீர்கள். நேராக 6-ஆம் படிக்குப் போங்கள்.

2. அறையா, உடம்பா: மூன்று இரவில் பிரித்துவிடலாம்

கான்கிரீட் கூரை பகலெல்லாம் வாங்கிய வெயிலை நள்ளிரவு தாண்டியும் இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் அறைச் சூட்டில் வியர்ப்பவர் படுத்த உடனேயே வியர்ப்பார். விடிய விடிய, கூரை ஆற ஆற, வியர்வையும் குறையும். எனக்கு நேர்மாறு. பதினொரு மணிக்கு நன்றாகத் தூங்குவேன். வீடு மிகவும் குளிர்ந்திருக்கும் மூன்று மணிக்கு நனைவேன். பக்கத்தில் மனைவி போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே கட்டில், ஒரே ஃபேன், ஒருவர் மட்டும் நனைகிறார் என்றால் குற்றவாளி கூரையாக இருக்க முடியுமா? கண்ணெதிரே இருந்த இந்தச் சாட்சியை ஐந்து மாதம் நான் கவனிக்கவில்லை. கத்திரி முடிந்து, ஆடிக் காற்று கதவைத் தட்டியபோதும் "இந்த வருஷம் வெயில் அதிகம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சோதனை எளிது. மூன்று இரவுகள் மெத்தையை விட்டுவிட்டு, வீட்டிலேயே காற்றோட்டமான இடத்தில், கோரைப் பாயில் பருத்தித் துணி விரித்துப் படுங்கள். ஃபோம் மெத்தை, அதிலும் உடம்பு பதியும் வகை, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேல் தண்ணீர் புகாத உறை வேறு போட்டிருந்தால் நீங்கள் மழைக்கோட்டின் மேல் படுத்திருக்கிறீர்கள். அந்த மூன்று இரவும் செயற்கை இழை உடுப்பு வேண்டாம், மது வேண்டாம், படுக்கும் முன் காரமான கொத்துப் பரோட்டாவும் வேண்டாம். வியர்வை நின்றுவிட்டால் உங்கள் செலவு ஒரு பாயோடு முடிந்தது. 10-ஆம் படியைப் படித்துவிட்டுத் தூங்கப் போகலாம். நிற்கவில்லை என்றால் தொடருங்கள்.

3. பதினான்கு இரவுகளுக்கு ஒரு நோட்டு

மற்ற எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். "ராத்திரியில் ரொம்ப வியர்க்கிறது டாக்டர்" என்று மூன்று மருத்துவர்களிடம் சொன்னேன். மூன்று பேரும் ஃபேனைப் பற்றிக் கேட்டார்கள். நான்காமவரிடம் நோட்டை நீட்டினேன். அவர் ஃபேனைப் பற்றிக் கேட்கவில்லை.

பத்து ரூபாய் நோட்டு போதும். தலைமாட்டில் பேனாவோடு வையுங்கள். கைபேசியில் எழுதினால் வெளிச்சத்தில் தூக்கம் கலைந்துவிடும், அரைத் தூக்கத்தில் தட்டச்சு செய்தது காலையில் புரியவும் புரியாது (எனக்குக் கிடைத்தது 'பனியம் 3 மஷி'). ஒவ்வொரு இரவும் குறிக்க வேண்டியவை: இரவு உணவு எத்தனை மணிக்கு, என்ன, மது, காபி, போட்ட மாத்திரைகள், போட்ட நேரம், படுத்த நேரம், விழித்த நேரம், எவ்வளவு நனைந்தீர்கள், கூடவே என்ன இருந்தது. நனைந்த அளவுக்கு மூன்றே தரம் வைத்துக்கொள்ளுங்கள்: கழுத்து மட்டும் ஈரம், உடுப்பு மாற்ற வேண்டியிருந்தது, படுக்கை விரிப்பையே மாற்ற வேண்டியிருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும்தான் மருத்துவர்கள் கவனித்துக் கேட்கும் தரம்.

என் நோட்டில் ஒரு வரி இப்படி: "ஆக. 19. உணவு 7.15, இரண்டு சப்பாத்தி. மாத்திரை 7.30. படுத்தது 10.40. விழித்தது 3.05. பனியன், கைலி மாற்றினேன். கை நடுக்கம். அசுரப் பசி. காலையில் தலைவலி." இதே வரி நேரம் மட்டும் சற்று மாறி, பதினான்கில் எட்டு நாள் வந்திருந்தது. கல்யாண வீட்டில் ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்ட இரண்டு நாளும் ஒன்றுமில்லை. எழுதும்போது தெரியாதது, எழுதி முடித்துப் புரட்டும்போது பளிச்சென்று தெரிந்தது.

நாடித் துடிப்பையும் காலையில் எழுந்ததும் ஒரு நிமிடம் முழுதாக எண்ணிக் குறியுங்கள். ஓய்வில் இருக்கும்போதே தொடர்ந்து 100-க்கு மேல் ஓடினால் தைராய்டு உள்ளிட்ட சிலவற்றைப் பார்க்க வேண்டிவரும். வாரம் ஒரு முறை எடை. மாலை ஆறு மணிக்கு வெப்பமானியில் காய்ச்சல். கையைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது கணக்கில் வராது.

4. மாத்திரை டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

நோட்டு எழுதும் அதே நாட்களில் இதையும் முடிக்கலாம். வீட்டிலுள்ள உங்கள் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கம்பெனி வைத்த பெயர் உதவாது. ஒரே மருந்து நூறு பெயரில் வரும்.

இரவில் வியர்க்க வைப்பதில் முன்வரிசையில் நிற்பவை: மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், வென்லாஃபாக்சின் போன்றவை; பிரெட்னிசலோன் முதலான ஸ்டீராய்டுகள்; மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு தரும் டமாக்சிஃபென், லெட்ரோசோல்; தைராய்டு குறைவுக்கான தைராக்சின் அளவு கூடிப்போனால் அதுவும். உடம்பு வலிக்கு என்று தினமும் இரவில் பாராசிட்டமால் போடுபவர்கள் அதையும் எழுதுங்கள். அது காய்ச்சலை இறக்கி வியர்க்க வைக்கும், காய்ச்சல் இருந்ததையே மறைத்துவிடும்.

பெரிய பொறி இங்கேதான் இருக்கிறது. பட்டியலில் உங்கள் மாத்திரை இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வென்லாஃபாக்சினைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம் என்று வேறு படம் ஓடும். ஸ்டீராய்டைப் பல வாரம் எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள், அவ்வளவுதான்.

5. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள்: மூன்று மணிக்கு ஒரு துளி

என் கதை இங்கேதான் முடிந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு என்று 'கிளி' வரிசையில் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இரவில் சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. தாழும்போது உடம்பு அலாரம் அடிக்கும்; அந்த அலாரம்தான் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, கெட்ட கனவு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அபூர்வம். ஆனால் கடையில் கிடைப்பதில் பல, இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை. உள்ளே 'கிளி' இருப்பது பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

நான் செய்தது இதுதான். ஜனவரியில் எடை குறைக்கத் தீர்மானித்து இரவுச் சோற்றை நிறுத்தினேன். ஏழு கிலோ குறைந்தது. மாத்திரை மட்டும் பழைய எடைக்கும் பழைய சோற்றுக்கும் எழுதிய அதே அளவில், காலை, இரவு இரு வேளை. அந்த 2,499 ரூபாய்ப் பரிசோதனையில் எச்.பி.ஏ.1.சி. 5.9 என்று வந்து, 'சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் உள்ளது' என்று பச்சை நிறத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். இனிப்பு வாங்கிக் கொடுக்காத குறை. அந்த எண் மூன்று மாதச் சராசரி. பகலில் ஏறியதையும் இரவில் விழுந்ததையும் சேர்த்து வகுத்தால் அழகான எண்தான் வரும்.

நான்காவது மருத்துவர் நோட்டைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மூன்று மணிக்குச் சர்க்கரை பார்த்தீர்களா?" அன்று மாலையே குளுக்கோமீட்டர் வாங்கினேன், 25 ஸ்ட்ரிப்போடு 900 ரூபாய். இரண்டு நாள் கழித்து 3.10-க்கு நனைந்து எழுந்தேன். விரல் நுனியும் ஈரம். துளி நிற்காமல் ஓடியது. துடைத்துவிட்டு மறுபடி குத்தினேன். 58.

70-க்குக் கீழ் என்றால் தாழ்வு. 54-க்குக் கீழ் என்றால் ஆபத்தான தாழ்வு. 70-க்குக் கீழ் எது வந்தாலும் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு பாலும் இரண்டு பிஸ்கட்டும். சாக்லேட் வேண்டாம், அதன் கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். உங்கள் கூட்டு மாத்திரையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் இருந்தால் வீட்டுச் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அப்படிப்பட்டவர்கள் மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியைத் தலைமாட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இதை எனக்கு எந்த மருந்துச் சீட்டும் சொல்லவில்லை.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள்; மாம்பழம் தின்ற விரல் இல்லாத சர்க்கரையைக் காட்டும். வியர்வை கலந்தால் துளி நீர்த்துப்போகும். ஸ்ட்ரிப் டப்பாவின் மூடியை உடனே மூடுங்கள், காலாவதித் தேதி பாருங்கள். வியர்த்த இரவு மட்டுமல்லாமல் வியர்க்காத ஓரிரவிலும் அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். ஒப்பிட அது வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், புரோப்ரனலால் போன்றவை எடுப்பவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் அமுங்கிப்போய், வியர்வை மட்டுமே அடையாளமாக மிஞ்சலாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், இரவில் மது அருந்துபவர்களுக்கும் இந்தத் தாழ்வு எளிதில் வரும்.

6. யாரிடம் போவது, என்னென்ன கொண்டுபோவது

முதலில் பொது மருத்துவர். நேராகத் தோல் நிபுணரிடமோ நரம்பு நிபுணரிடமோ ஓடினால் அவர்கள் துறைப் பரிசோதனைகள்தான் முதலில் வரும். அரசு மருத்துவமனை என்றால் காலை எட்டு மணிக்குள் ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றுவிடுங்கள். தனியார் என்றால் எங்கள் பக்கம் 300 முதல் 600 ரூபாய். சீட்டு எழுதிக்கொடுத்த பிறகு ரிப்போர்ட்டைக் காட்ட மறுபடி போகும்போது கட்டணம் உண்டா, எத்தனை நாளுக்குள் வந்தால் இல்லை என்று வரவேற்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாள் தாமதத்தில் நான் 500 ரூபாய் கூடக் கொடுத்தேன்.

ஒரு பையில் இவை இருக்கட்டும்: இரவு நோட்டு, மூலப்பெயர்ப் பட்டியல், முடிந்தால் மாத்திரை அட்டைகளும், கடந்த ஒரு வருட இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகள், தேதி வரிசையில், பழைய எக்ஸ்ரே இருந்தால் படமும், ஆதார் நகல். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா, தைராய்டு உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போவது நல்லது. குறட்டை, உதறல், தூக்கத்தில் பேச்சு எல்லாம் அவருக்குத்தான் தெரியும். என் மனைவி அறைக்குள் நுழைந்த வேகத்திலேயே, "இவர் ராத்திரி சரியாகச் சாப்பிடுவதே இல்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை முதல் மூன்று முறையும் நான் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன்.

7. பரிசோதனைகள்: எது, எவ்வளவு, எப்போது

சலுகை விலைத் தொகுப்புப் பரிசோதனையை நீங்களாக எடுக்காதீர்கள். எண்பது அளவுகள் என்பார்கள். அதில் மார்பு எக்ஸ்ரே இருக்காது, உங்களுக்குத் தேவையில்லாத வைட்டமின்கள் இருக்கும். வரம்புக்குச் சற்று வெளியே போன நான்கு எண்களைப் பார்த்து நான்கு நாள் தூக்கம் கெடும், அதற்கும் வியர்க்கும்.

மருத்துவர் முதல் சுற்றில் வழக்கமாக எழுதுவனவும், போன செப்டம்பரில் நான் தனியார் ஆய்வகத்தில் கொடுத்ததும்: இரத்த அணுக்கள் முழு எண்ணிக்கை 300, இ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்க) 100, டி.எஸ்.எச். (தைராய்டுக்கு) 250, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு) 150, மார்பு எக்ஸ்ரே 400. மொத்தம் 1,200 ரூபாய். உங்கள் ஊரில் கூடலாம், குறையலாம். அரசு மருத்துவமனையில் இவை இலவசம், செலவு நேரம்தான். எச்.ஐ.வி. பரிசோதனையும் எழுதினால் முகம் சுளிக்காதீர்கள், இரவு வியர்வைக்கு அதுவும் வரிசையில் உள்ள கேள்விதான். அரசு மையங்களில் அதை ரகசியம் காத்து இலவசமாகச் செய்கிறார்கள்.

இவை எதற்கும் வெறும் வயிறு வேண்டாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சேர்த்து எழுதியிருந்தால் மட்டும் காலையில் போங்கள். முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் டி.எஸ்.எச். எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தி, ஆய்வகத்திலும் சொல்ல வேண்டும். இல்லாத தைராய்டு நோயை அது காகிதத்தில் உண்டாக்கிவிடும். டி.எஸ்.எச். பெரும்பாலும் 0.4 முதல் 4 வரை இயல்பு. மிகத் தாழ்ந்திருந்து, கை நடுக்கமும், நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவதும் இருந்தால் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று அடுத்த சுற்று போவார்கள். இ.எஸ்.ஆர். மட்டும் கூடியிருந்தால் கலங்காதீர்கள். சாதாரணச் சளிக்கும் இரத்தசோகைக்கும்கூட அது ஏறும்.

பணம் பற்றி இரண்டு வரி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையும் பெரும்பாலான தனியார் காப்பீடுகளும் உள்நோயாளிச் சிகிச்சைக்கு. இந்த வெளிநோயாளிப் பரிசோதனைகளுக்கு உதவும் என்று எண்ணிப் போகாதீர்கள். பழைய வரி முறையில் இருப்பவர்கள் மருத்துவக் காப்பீட்டுக்கான வரிக் கழிவில் முன்தடுப்பு உடல் பரிசோதனைக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, அந்தக் கழிவின் மொத்த வரம்புக்குள், கணக்குக் காட்டலாம், பில்லை எறிந்துவிடாதீர்கள்.

8. சளிப் பரிசோதனைக்கு அனுப்பினால்

பலர் இந்த இடத்தில்தான் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். காசநோய் என்ற சொல்லுக்கு அவ்வளவு பயம். இருமல், காய்ச்சல், எடை இழப்பு, இரவு வியர்வை நான்கும் அதன் கேள்விப் பட்டியலில் உள்ளவை. கேட்பதாலேயே நோய் வந்துவிடாது. எனக்கும் எடை குறைந்திருந்ததால் அனுப்பினார்கள், இல்லை என்று வந்தது.

இரண்டு மாதிரி கொடுக்க வேண்டியிருக்கும்: அங்கேயே ஒன்று, மறுநாள் காலை எழுந்ததும் ஒன்று. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிச் சளியை எடுங்கள். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பரிசோதனை வீண். கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட், சிபிநாட் கருவிகளில் பரிசோதனை ஓரிரு மணி நேர வேலை. ரிப்போர்ட் பெரும்பாலும் அன்றோ மறுநாளோ கிடைத்துவிடும். சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பினால் ஆறு வாரம் வரை ஆகலாம்.

பொறிகள் மூன்று. சளி கொடுப்பதற்கு முன்பு மருந்துக் கடையில் கேட்டு லெவோஃப்ளாக்சசின், ஒஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகளைப் போடாதீர்கள். காசநோய்க் கிருமியையும் அவை பாதி அடக்கி, நோயைக் கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் பார்த்துக் காசநோய் சொல்லும் பரிசோதனைகளை இந்தியா 2012-லேயே தடைசெய்துவிட்டது. யாராவது பரிந்துரைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கையில் ஊசி போட்டுத் தடிப்பைப் பார்க்கும் மான்டூ பரிசோதனை தடைசெய்யப்பட்டதல்ல. ஆனால் கிருமி என்றோ உடம்புக்குள் வந்ததைத்தான் அது காட்டும், இப்போது நோய் இருக்கிறது என்று அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

நோய் என்று உறுதியானால் வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்; மருந்து முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசம், தனியாரிடம் பார்ப்பவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும். சத்துணவுக்கான உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய், நேரே வங்கிக் கணக்குக்கு வரும். அதற்கு ஆதாரும் வங்கிப் புத்தக நகலும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கணக்குப் பெயரும் ஆதார்ப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. சந்தேகங்களுக்குக் கட்டணமில்லா எண் 1800-11-6666. மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்கள் உண்டு. அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம்.

9. நாற்பதைக் கடந்த பெண்களுக்கு

மாதவிடாய் முறை தவறத் தொடங்கி, கழுத்திலிருந்து முகத்துக்கு அனல் ஏறி, பிறகு குப்பென்று வியர்த்தால், காரணம் பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் காலம்தான். ஆனால் 'வயசுக்கு வருகிற கோளாறு' என்று வீட்டிலேயே தீர்ப்பெழுதிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டி.எஸ்.எச். ஒன்று பார்த்துவிடுங்கள்; தைராய்டு மிகையும் இதே வேஷத்தில் வரும். தூக்கம் கெடும் அளவுக்கு இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் சிகிச்சை, ஹார்மோன் இல்லாத மாத்திரை இரண்டையும் பற்றிக் கேளுங்கள். மார்பகப் புற்றுநோயோ இரத்தக்கட்டோ வந்திருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 4-ஆம் படியில் வியர்க்க வைப்பதாக நான் சொன்ன வென்லாஃபாக்சினையே இந்த வியர்வையை அடக்கவும் தருகிறார்கள். மாதவிடாய் நின்று பன்னிரண்டு மாதம் ஆன பிறகு இரத்தக் கசிவு வந்தால், வியர்வையை ஒதுக்கிவைத்துவிட்டு அதற்காகவே உடனே போங்கள்.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிழுவது: ஆணோ பெண்ணோ, இவை இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்புக்கான ஆய்வைப் பற்றிக் கேளுங்கள். அது ஆயிரங்களில் செலவாகும். முதல் சுற்று ரிப்போர்ட்டுகள் வந்த பிறகு எடுத்தால் போதும். நெஞ்செரிச்சலும் பதற்றமும்கூடச் சிலருக்குக் காரணம்.

10. காரணம் தெரியும்வரை படுக்கை

மெத்தை மேல் பருத்தி விரிப்பு, அதன் மேல் நெஞ்சிலிருந்து இடுப்புவரை ஒரு பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்துப் போடுங்கள். நனைந்தால் வேட்டியை மட்டும் உருவிப் போட்டுவிட்டு, விளக்குப் போடாமலே மறுபடி படுக்கலாம். மாற்றுப் பனியனும் துண்டும் ஒரு சொம்பு தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மெத்தையை வாரம் ஒரு முறை வெயிலில் நிமிர்த்தி வையுங்கள், ஃபோம் என்றால் நிழலில் காற்றாட. ஏ.சி. இருந்தால் 25, 26-இல் வைத்து ஃபேனையும் ஓட விடுங்கள். 18-இல் வைத்தால் முதலில் நடுங்கி, போர்வைக்குள் புகுந்து, அங்கே வியர்ப்பீர்கள். மொட்டைமாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது உண்மையிலேயே சூட்டைக் குறைக்கிறது. வீட்டுக்காரரிடம் கேளுங்கள், நீங்களே அடிப்பதாகச் சொன்னால் மறுக்க மாட்டார். அக்குளுக்குப் பூசும் வியர்வைத் தடுப்பான் உடம்பு முழுக்க வரும் வியர்வைக்கு உதவாது. அத்தையின் எண்ணெய்க் குளியல் வியர்வையை நிறுத்தவில்லை. அன்று மட்டும் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

11. மருந்து மாற்றிய பிறகு

என் மருத்துவர் இரவு மாத்திரையிலிருந்து கிளிமிபிரைடை எடுத்துவிட்டு, மெட்ஃபார்மின் மட்டும் எழுதினார். நான்காம் இரவிலிருந்து பனியன் நனையவில்லை. நீங்களும் மாற்றத்துக்குப் பிறகு இன்னும் பதினான்கு இரவு நோட்டை எழுதுங்கள். சர்க்கரை மருந்து மாறியவர்கள் காலை வெறும் வயிற்று அளவையும் வாரம் மூன்று நாள் பாருங்கள். தாழ்வு போய் ஏற்றம் வந்துவிடலாம். இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு நான்காவது வாரம் மறுபடி காட்டுங்கள். முதல் சுற்றில் எதுவும் அகப்படாமல் வியர்வை மட்டும் நீடித்தாலும் இதே நான்கு வாரக் கணக்குதான். எடையும் காய்ச்சல் குறிப்பும் அப்போது கையில் இருக்க வேண்டும். எச்.பி.ஏ.1.சி.யை மட்டும் மூன்று மாதம் ஆகும்வரை தொடாதீர்கள். பழைய நாட்களின் கணக்கையும் சேர்த்தே காட்டும், 450 ரூபாய் வீண்.